ஹிமாலயன் 450-இன் செயின்: ஷாஃப்ட் வண்டிகளின் அருகில் நிறுத்திப் பார்த்தால்

2023 நவம்பரில் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 வெளிவந்ததிலிருந்து அதன் இன்ஜினைப் பற்றியும் சஸ்பென்ஷனைப் பற்றியும் வட்டமான டிஸ்பிளேயைப் பற்றியும் எழுதப்பட்டவை ஏராளம். இன்ஜினின் சக்தியைப் பின்சக்கரத்திற்குக் கொண்டுசேர்க்கும் செயினைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. பேசுபவர்களும், பெரிய டூரிங் வண்டிகளில் ஷாஃப்ட் (செயினுக்குப் பதிலாகச் சக்தியைப் பின்னுக்குக் கடத்தும் மூடிய சுழல்தண்டு) இருக்கிறது, நம் விலைக்குச் செயின்தான் கிடைக்கும் என்று பெருமூச்சோடு முடித்துக்கொள்கிறார்கள். இந்த மதிப்புரை அந்த ஒரு பாகத்தை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. 196 கிலோ எடையும் 40 பிஎஸ் சக்தியும் கொண்ட வண்டிக்குச் செயின் என்பது காசுக்காகச் செய்துகொண்ட சமரசம் அல்ல என்பதே என் கருத்து. கூடுதலாக ஒரு லட்சம் கொடுக்கிறேன் என்றாலும் இந்த வண்டியில் ஷாஃப்ட் வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன்.

காரணம் இன்ஜின் உட்கார்ந்திருக்கும் விதத்திலேயே தொடங்குகிறது. ஹிமாலயனின் இன்ஜினுக்குள் சுழலும் முக்கிய அச்சான கிராங்க் ஷாஃப்ட் வண்டிக்குக் குறுக்கே, பின்சக்கரத்தின் அச்சுக்கு இணையாகச் சுழல்கிறது. எனவே கியர்பாக்ஸிலிருந்து வெளிவரும் சுழற்சியைத் திசை மாற்றாமல், இரண்டு ஸ்பிராக்கெட்டும் (செயின் மாட்டும் பல்சக்கரம்) ஒரு செயினும் அப்படியே பின்னுக்குக் கடத்திவிடுகின்றன. சிலிண்டர்கள் இருபுறமும் கிடையாக நீளும் பி.எம்.டபிள்யூவின் பாக்ஸர் இன்ஜினிலும் இரண்டு சிலிண்டர்கள் வி வடிவில் நிற்கும் மோட்டோ குஸியின் வி-ட்வின்னிலும் கிராங்க் நீளவாக்கில் இருப்பதால், ஷாஃப்ட் நேராகப் பின்னால் சென்று கடைசியில், சுழற்சியின் திசையைத் திருப்பும் பெவல் கியரில் ஒரே ஒரு முறை திரும்பினால் போதும். 1923-இல் வந்த ஆர் 32 முதல் இன்றைய ஆர் 1300 ஜிஎஸ் வரை பாக்ஸர் வண்டிகளில் பி.எம்.டபிள்யூ ஷாஃப்டை விடாமல் பிடித்திருப்பதற்கு இந்த அமைப்பு முக்கியமான காரணம். குறுக்கே கிராங்க் உள்ள இன்ஜினில் ஷாஃப்ட் வைக்க வேண்டுமென்றால் முன்னால் ஒரு முறை, பின்னால் ஒரு முறை என்று இரண்டு இடங்களில் சுழற்சியைத் திருப்ப வேண்டியிருக்கிறது. டிரையம்ப் டைகர் 1200-இலும் யமஹா சூப்பர் டெனெரே 1200-இலும் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் கொஞ்சம் சக்தி உராய்வில் போகும், எடையும் கூடும். 150 பிஎஸ் உள்ள டைகருக்கு அது பெரிய இழப்பில்லை. 40 பிஎஸ் வண்டியில், இருவர் அமர்ந்து பெட்டிகளும் கட்டிக்கொண்டு மலையேறும்போது, அந்த இழப்பை வலது கையே உணரும்.

பி.எம்.டபிள்யூவும் தன் எல்லா வண்டிகளுக்கும் ஷாஃப்ட் கொடுப்பதில்லை என்பதை நம் ஆட்கள் மறந்துவிடுகிறார்கள். ஓசூரில் டி.வி.எஸ். தொழிற்சாலையில் தயாரான ஜி 310 ஜிஎஸ்ஸில் செயின். எஃப் 850 ஜிஎஸ்ஸிலும் செயின். ஹோண்டா ஆப்ரிக்கா ட்வின், டுகாட்டி மல்டிஸ்ட்ராடா வி4, கேடிஎம் 1290 சூப்பர் அட்வெஞ்சர் ஆகிய பெரிய வண்டிகளும் செயினில்தான் ஓடுகின்றன. பெல்ட்டுக்குப் பெயர்போன ஹார்லி டேவிட்சன்கூட பான் அமெரிக்காவைச் செய்தபோது செயினைத்தான் மாட்டியது.

ஷாஃப்டுக்குச் சேர வேண்டிய பாராட்டைக் குறைத்துச் சொல்லவும் கூடாது. ஷாஃப்டின் முடிவில் பின்சக்கரத்தைச் சுழற்றும் கியர்கள் உள்ள கடைசி டிரைவில் கால் லிட்டர்கூடப் பிடிக்காத கியர் ஆயிலைச் சர்வீஸில் மாற்றிவிட்டால், இடைப்பட்ட பயணத்தில் மழையோ புழுதியோ எதுவும் அதைத் தொடாது. மாலையில் விடுதிக்கு வந்ததும் பிரஷ்ஷைத் தேட வேண்டியதில்லை. இதைவிட எனக்குப் பொறாமை தரும் விஷயம் ஒன்று உண்டு. ஆர் 1250 ஜிஎஸ்ஸில் பின்சக்கரத்தை ஒரே பக்கத்தில் தாங்கும் ஒற்றைப் பக்க ஸ்விங்-ஆர்ம் இருப்பதால் ஐந்து போல்ட்டைக் கழற்றினால் பின்சக்கரம் கைக்கு வந்துவிடும். செயின் வண்டியில் ஆக்ஸில் நட்டைத் தளர்த்தி, செயினை ஸ்பிராக்கெட்டிலிருந்து இறக்கி, ஆக்ஸிலை உருவும்போது மண்ணில் விழும் ஸ்பேசர்களைப் பொறுக்கி, திரும்ப மாட்டும்போது செயினின் டைட்டையும் சக்கரத்தின் நேர்கோட்டையும் மறுபடி சரிபார்க்க வேண்டும். ஹிமாலயன் 450 முதலில் டியூப் போட்ட ஸ்போக் சக்கரங்களோடுதான் விற்பனைக்கு வந்தது. டியூப்லெஸ் ஸ்போக் பின்னர்தான் கிடைத்தது. டியூப் வண்டியில் பின்சக்கரம் பஞ்சரானால் சக்கரத்தைக் கழற்றாமல் வழியில்லை என்பதால், இந்த வேறுபாடு காகிதத்தில் தெரிவதைவிடச் சாலையோரத்தில் பெரிதாகத் தெரியும். வாங்கப் போகிறவர்கள் டியூப்லெஸ் சக்கரங்களுக்குப் பணம் ஒதுக்குவது நல்லது. செயினின் பெரிய தொல்லை ஒன்று அதனாலேயே பாதியாகக் குறையும்.

ஆனால் ஷாஃப்ட் என்றால் ஆயுளுக்கும் கவலையில்லை என்பது விற்பனை அறையில் சொல்லப்படும் கதை. ஆக்ஸிலரேட்டரைத் திருகும்போது ஷாஃப்டின் முனையிலுள்ள பினியன் என்ற சிறு கியர் பெரிய பல்சக்கரத்தின் மேல் ஏற முயல்வதால் பின்புறம் எழும்பும் பழக்கம் பழைய ஷாஃப்ட் வண்டிகளுக்கு இருந்தது. அதை அடக்க 1987-இல் ஆர் 100 ஜிஎஸ்ஸில் பாராலீவர் என்ற இரட்டை மூட்டு அமைப்பையே பி.எம்.டபிள்யூ கொண்டுவர வேண்டியிருந்தது. மூட்டுகள் இருக்கும் இடத்தில் அவற்றை மூடும் ரப்பர் உறையும் இருக்கும். அந்த உறைக்குள் ஈரம் புகுந்தால் துரு பிடிக்கும். தண்ணீரில் குளிரூட்டப்படும் ஆர் 1200 ஜிஎஸ், ஆர் 1250 ஜிஎஸ் வண்டிகளின் ஷாஃப்டை 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று அந்த நிறுவனமே பின்னாளில் அறிவித்தது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஷாஃப்டும் தேயும் பொருள்தான். தேய்வு மூடிக்குள் நடப்பதால் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான். இமயமலையின் ஸ்பிதி பள்ளத்தாக்கில் ஓடை கடக்கும் வழியில் ஷாஃப்ட் மூட்டு போனால் வண்டியை லாரியில் ஏற்ற வேண்டியதுதான். அதே இடத்தில் செயின் அறுந்தால், ஒரு செயின் கட்டரும் செயினின் இரு முனைகளை இணைக்கும் ஒரு ரிவெட் லிங்கும் பையில் இருந்தால் போதும். ஊரிலிருக்கும் மெக்கானிக் எவரும் அதை முன்பே செய்து பழகியவராக இருப்பார்.

செயினுக்கு மட்டுமே உள்ள இன்னொரு வசதியை நம்மில் பலர் பயன்படுத்துவதேயில்லை. முன்புறம் 15 பல் உள்ள ஸ்பிராக்கெட்டுக்குப் பதில் 14 பல் உள்ளதைப் போட்டால், எல்லாக் கியரிலும் பின்சக்கரத்திற்குப் போகும் இழுவிசை ஏறத்தாழ 7 சதவீதம் கூடும். அதே அளவுக்கு அதிவேகம் குறையும். ஐந்தாயிரம் மீட்டருக்கு மேலுள்ள கணவாய்களில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான் என்பதால் எந்த இன்ஜினும் சோர்ந்துபோகும். ஃபியூயல் இன்ஜெக்ஷன் கலவையைச் சரிசெய்யுமே தவிர, இல்லாத காற்றைக் கொண்டுவராது. அங்கே முதல் கியரில் கிளட்சை எரிக்காமல் கொண்டை ஊசி வளைவு ஏற இந்த ஒரு பல் உதவும். ஷாஃப்ட் வண்டியில் இந்த விகிதம் கடைசி டிரைவின் உள்ளேயே பூட்டப்பட்டிருக்கிறது.

இனி, எல்லோரும் அஞ்சும் பராமரிப்பு. இந்த வகை வண்டிகளில் வருவது சீல் வைத்த செயின். செயின் கண்ணிகளை இணைக்கும் ஊசிக்கும் அதைச் சுற்றியுள்ள புஷ் என்ற உருளைக்கும் நடுவிலுள்ள கிரீஸை ரப்பர் வளையங்கள் உள்ளேயே அடைத்து வைத்திருக்கின்றன. நாம் அடிக்கும் லூப் (செயினுக்கான மசகு ஸ்பிரே), அந்த ரப்பர் காயாமல் இருக்கவும் ரோலர் துருப்பிடிக்காமல் இருக்கவும் மட்டுமே. அதனால்தான் பெட்ரோலில் செயினைக் கழுவுவது அதைக் கொல்வதற்குச் சமம்: பெட்ரோல் வளையத்தைக் கெடுக்கும், உள்ளிருக்கும் கிரீஸ் வெளியேறும், பிறகு மேலே எவ்வளவு ஊற்றினாலும் பயனில்லை. மண்ணெண்ணெயும் மென்மையான பிரஷ்ஷும் போதும். ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகளை மழையில் ஏறி இறங்கிய பிறகு என் செயினைப் பார்த்தால், பக்கத் தகடுகளில் செம்மண் குழம்பாக அப்பியிருக்கும். துணியால் துடைத்துவிட்டு, செயின் இன்னும் சூடாக இருக்கும்போதே, கீழ்ப்பக்க ஓட்டத்தின் உள்புறமாக, தகடுகளுக்கு இடையில் லூப் அடிப்பேன். காலைக்குள் அது ஒட்டிக் காய்ந்துவிடும். சக்கரத்தின் மேல் தெறிக்காது. பின்சக்கரத்தை எப்போதும் கையால்தான் சுற்ற வேண்டும். இன்ஜினை ஓடவிட்டுக் கியரில் போட்டுத் துணியைப் பிடிப்பவர்கள் விரலை இழக்கிறார்கள்.

தனுஷ்கோடி மணலில் ஓட்டிவிட்டு வந்தால் மட்டும் முறை மாறும்: உப்பும் மணலும் சேர்ந்த செயினில் முதலில் நல்ல தண்ணீர், அது உலர்ந்த பிறகே லூப். ஈர மணல் மேல் லூப் அடிப்பது உப்புத்தாளைச் செயினில் சுற்றுவதுதான். தொய்வைப் பார்க்கும்போது சக்கரத்தை உருட்டி மூன்று நான்கு இடங்களில் பார்க்க வேண்டும். ஓரிடத்தில் இறுக்கமாகவும் மற்றோரிடத்தில் தளர்வாகவும் இருந்தால் செயின் ஒழுங்கில்லாமல் நீண்டுவிட்டது என்று பொருள். சஸ்பென்ஷன் 200 மி.மீ. இறங்கி ஏறும் வண்டியில் செயினை மிகையாக டைட் செய்வது, தொய்வாக விடுவதைவிட ஆபத்தானது: பள்ளத்தில் இறங்கும்போது கியர்பாக்ஸின் அவுட்புட் பேரிங்தான் அந்த இழுப்பைத் தாங்குகிறது.

இதே காரணத்தால்தான் பெல்ட் இந்த வகை வண்டிக்குப் பொருந்துவதில்லை. பெல்ட்டுக்குத் தொய்வு ஆகாது. நீண்ட சஸ்பென்ஷனிலோ முன் ஸ்பிராக்கெட்டுக்கும் பின்சக்கரத்துக்கும் இடையிலான தூரம் மாறிக்கொண்டே இருக்கிறது. ஒரு கூழாங்கல் பெல்ட்டுக்கும் புல்லிக்கும் நடுவில் சிக்கினால் பல் கிழியும். கிழிந்த பெல்ட்டை நடுவில் இணைக்கவும் முடியாது. ஒரே 800 சிசி இன்ஜினை வைத்துக்கொண்டு, தார்ச்சாலைக்கான எஃப் 800 எஸ்டிக்குப் பெல்ட்டையும், மண்சாலைக்கான எஃப் 800 ஜிஎஸ்ஸுக்குச் செயினையும் பி.எம்.டபிள்யூ கொடுத்தது. இதைவிடத் தெளிவாக யாரும் இந்த விவாதத்தை முடித்துவைக்க முடியாது. ஜீரோ டிஎஸ்ஆர்/எக்ஸ் என்ற மின்சார அட்வெஞ்சர் வண்டி பெல்ட்டில் ஓடுகிறது. கிளட்ச், கியர் அதிர்ச்சிகள் இல்லாத மின்மோட்டாருக்கு அது வேறு கணக்கு.

தினமும் நூறு கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் அலுவலகம் போகிறவர், செயினைத் தொடவே பிடிக்காதவர், கைநிறையப் பணமும் வைத்திருப்பவர் என்றால் ஷாஃப்ட் வண்டியைத் தேடட்டும். 853 சிசி மோட்டோ குஸி வி85 டிடி போன்றவை அவருக்காகவே செய்யப்பட்டவை. மற்றவர்களுக்கு, ஒழுங்காகக் கவனித்த சீல் செயின் 20,000 கிலோமீட்டருக்கு மேல் தாராளமாக வரும். பின் ஸ்பிராக்கெட்டின் கடைசிப் பல்லருகே செயினைப் பின்னால் இழுத்துப் பாருங்கள். பல்லின் பாதி தெரியும் அளவுக்கு அது எழும்பினால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. அப்போது செயினை மட்டும் மாற்றிக் காசு மிச்சம் பிடிக்காமல், முன், பின் ஸ்பிராக்கெட் இரண்டையும் சேர்த்துச் செட்டாக மாற்ற வேண்டும்; தேய்ந்த பல் புதுச் செயினைச் சில ஆயிரம் கிலோமீட்டரிலேயே தின்றுவிடும். கோவையின் எல்.ஜி.பி. செய்யும் ரோலான், அம்பத்தூரில் தொடங்கிய டைமண்ட் என்று நம் மாநிலத்துச் செயின்களே நாடெங்கும் கடைகளில் கிடைக்கின்றன. வாங்கும்போது பெட்டியில் பிட்ச் அளவும் (கண்ணிகளுக்கு இடையிலான தூரம்) லிங்க் (கண்ணி) எண்ணிக்கையும் உங்கள் வண்டிக்கு உரியவையா, செயின் சீல் வைத்ததா என்ற மூன்றையும் சரிபார்த்துவிட்டு, பணம் கொடுப்பதற்கு முன் ரிவெட் லிங்க் உள்ளே இருக்கிறதா என்றும் பிரித்துப் பாருங்கள்.