துடைக்கத் துடைக்க ஏறும் தூசி: அக்ரிலிக்குக்கு எது தோதான வழி?

பெயர்ப்பலகைக்குப் பயன்படும் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் பலகைதான் அக்ரிலிக். புது அக்ரிலிக் ஷீட்டின் மேலுள்ள பிளாஸ்டிக் படலத்தை ஒரே இழுப்பில் உரித்துப் பாருங்கள். படபடவென்று சத்தம் வரும், கையில் மயிர் எழுந்து நிற்கும். அந்த நொடியில் பலகையில் சில ஆயிரம் வோல்ட் நிலைமின்சாரம் ஏறியிருக்கும். பக்கத்தில் பறக்கும் தூசியையெல்லாம் அது இழுத்துக்கொள்ளும். அதன் மேலேயே பெயிண்ட் அடித்தால், காய்ந்த பிறகுதான் ஒவ்வொன்றும் வேர்க்குரு மாதிரி கண்ணில் படும்.

பட்டறைக்குப் புதிதாக வந்த பையன் பத்து நிமிஷம் பனியன் துணியால் தேய்த்துவிட்டு, "அண்ணே, தொடைக்கத் தொடைக்க ஏறுதுண்ணே" என்றான். ஏறத்தான் செய்யும். உலர்ந்த துணியால் தேய்ப்பதே மின்னேற்றுகிற வேலை. வெறும் கம்ப்ரசர் காற்று தூசியைக் கிளப்புமே தவிர மின்னேற்றத்தைத் தொடாது. கிளம்பியது ஒரு சுற்று சுற்றிவிட்டுத் திரும்ப வந்து உட்காரும். எர்த் ஒயர் மாட்டுவது இரும்புத் தகட்டுக்குச் சரி. அக்ரிலிக் மின்சாரம் கடத்தாதது. இந்த மூலையில் ஒயர் மாட்டினால் அந்த மூலைக்குத் தெரியக்கூடத் தெரியாது. இந்த மூன்றையும் போட்டியில் சேர்க்கவில்லை.

ஆன்டிஸ்டாடிக் ஸ்ப்ரே நன்றாக வேலை செய்யும். காற்றின் ஈரத்தைப் பிடித்துவைக்கும் மெல்லிய பூச்சு ஒன்றை விட்டுப்போகும், மின்னேற்றம் அதன் வழியே கசிந்துவிடும். ஆனால் பெயிண்டுக்கும் பலகைக்கும் நடுவே அந்தப் பூச்சு மாட்டிக்கொண்டால் மீன்கண் மாதிரிக் குழி விழும், பிடிமானமும் போகும். பெயிண்ட் ஏறாத பக்கத்துக்கு, அதுவும் வேலை முடிந்த பிறகு அடிக்கலாம்.

அடுத்தது ஐபிஏ, அதாவது ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். கைரேகை, எண்ணெய்ப் பிசுக்குக்கு இது நல்ல மருந்து. ஆனால் சட்டென்று ஆவியாகிவிடுவதால் கடைசி இழுப்புகள் உலர்துடைப்பாகவே முடிகின்றன, மறுபடி மின்னேற்றம். அதைவிடப் பெரிய தொல்லை ஓரங்களில். லேசரில் வெட்டிய, சூடேற்றி வளைத்த இடங்களில் உள்ளிறுக்கம் இருக்கும். ஐபிஏ பட்டால் அங்கே மயிரிழை விரிசல்கள் கிளம்பும். 80 டிகிரி வாக்கில் ஓவனில் வைத்து மெல்ல ஆறவிட்டால் அந்த இறுக்கம் தளரும். அவ்வளவு பொறுமை யாருக்கு இருக்கிறது? தின்னர், அசிட்டோன் பக்கமே போக வேண்டாம், பலகையே கரையும்.

என் ஓட்டு சோப்புத் தண்ணீருக்கு. ஒரு லிட்டர் தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு சில சொட்டு, மெத்தென்ற துணி, அழுத்தாத கை. ஈரம் படிந்திருக்கும்போது மின்னேற்றம் அதன் வழியே ஓடிவிடும். சோப்பு துளியும் நிற்காதபடி அலசி, கடைசி அலசலுக்கு மட்டும் ஆர்ஓ தண்ணீர். ஒருமுறை போர் தண்ணீரிலேயே முடித்துவிட்டேன். கறுப்புப் பலகை முழுக்க உப்புப் புள்ளி. அலசியதைத் தேய்க்காமல் ஒற்றியெடுத்துச் சாய்த்து வையுங்கள். காயக் காத்திருக்க வேண்டும், இதன் குறை அதுதான்.

காத்திருக்க நேரமில்லாதவர்களுக்கு அயனிக் காற்றுத் துப்பாக்கி. உயர் மின்னழுத்த ஊசி நேர், எதிர் அயனி இரண்டையும் உண்டாக்கும், காற்று அவற்றைப் பலகைக்குக் கொண்டுபோய் மின்னேற்றத்தைச் சமன் செய்யும். தொடாமலே தூசி விடும். தினம் நிறைய பலகை அடிக்கிற இடத்தில் போட்ட காசு திரும்பும். வாரத்துக்கு நாலு பெயர்ப்பலகை செய்கிறவருக்குத் தண்டச் செலவு. கம்ப்ரசர் காற்றில் எண்ணெயோ தண்ணீரோ கலந்து வந்தால் இதுவும் வீண்.

எதை எடுத்தாலும் தரையில் தண்ணீர் தெளித்து, ஃபேனை நிறுத்துங்கள். காற்றில் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தொட்டால் பாதித் தொல்லை குறையும். ஏசி அறைதான் மோசம். அதற்காக ஐப்பசி அடைமழையில் என்சி லாக்கர் (நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்ட்) அடித்துவிடாதீர்கள், தூசி ஒட்டாது, ஆனால் பெயிண்ட் பால் பூத்தாற்போல் வெளுக்கும்.

படலத்தை மட்டும் முதல் நாளே உரித்து வைக்காதீர்கள். கழுவப் போகிற நேரத்தில், ஒருவர் மெதுவாக உரிக்க, இன்னொருவர் பிரியும் கோட்டில் தண்ணீர்ச் சாரல் அடித்துக்கொண்டே வரட்டும். அந்தப் படபட சத்தமே கேட்காது.