கென்யா: 1963 அரசியலமைப்பும் 2010 அரசியலமைப்பும்

மைய அரசுக்கும் வட்டார அரசுகளுக்கும் இடையிலான அதிகாரப் பகிர்வை எது நன்றாகக் காத்தது? என் பார்வையில் 2010தான்.

1963-இல் ஏழு மாகாணங்கள், தனி செனட் (மேலவை). முக்கியப் பிரிவுகளைத் திருத்த செனட்டில் 90 விழுக்காடு ஆதரவு வேண்டும். பூட்டு வலுவானதுதான், ஆனால் சாவி முழுக்க உறுப்பினர்கள் கையில். 1964 நவம்பரில் எதிர்க்கட்சியான 'காடு' (KADU) கலைந்து, ஆளும் 'கானு'வில் (KANU) இணைந்தது. தடுக்க ஆளில்லை. 1966-இல் செனட்டே மறைந்தது. 1982-இல் ஒரு கட்சி ஆட்சி சட்டமானது.

2010-இல் 47 கவுண்டிகள், அதாவது வட்டார அரசுகள். அதிகாரப் பகிர்வின் நோக்கங்களையும் கட்டமைப்பையும் மாற்ற, பிரிவு 255-இன்படி பொதுவாக்கெடுப்பு கட்டாயம். குறைந்தது பாதிக் கவுண்டிகளில், ஒவ்வொன்றிலும் 20 விழுக்காடு வாக்காளர்களாவது வாக்களிக்க வேண்டும். கட்சிகள் கைகோத்தால் மட்டும் போதாது.

ஓட்டை நிதியில் இருக்கிறது. கவுண்டிகளுக்குத் தேசிய வருவாயில் குறைந்தது 15 விழுக்காடு உண்டு. ஆனால் அது தேசிய சட்டமன்றம் ஏற்ற கடைசித் தணிக்கைக் கணக்கின் மீதுதான். தணிக்கை தாமதமானால், பழைய ஆண்டின் சிறிய தொகையிலிருந்தே பங்கு கணக்கிடப்படும்.