வில்லெம்சன் நம்பிய ஜாபெல் சைடுகார்: துணைவீரரின் தட்டிலிருந்து ஒரு மதிப்பீடு

மோட்டோகிராஸ் சைடுகார் வண்டிகளை, அதாவது கரடுமுரடான மண் தடத்தில் ஓடும், பக்கத்தில் தட்டு பொருத்திய மூன்று சக்கரப் பந்தய மோட்டார் சைக்கிள்களை, மதிப்பிடுபவர்கள் பெரும்பாலும் என்ஜினில் தொடங்கி என்ஜினிலேயே முடித்துவிடுகிறார்கள். நெதர்லாந்தின் டபிள்யூ.எஸ்.பி. நிறுவனம் செய்த சட்டத்தில் (ஃபிரேமில்) ஜெர்மனியின் ஜாபெல் என்ஜினைப் பொருத்திய வண்டியில், நெதர்லாந்து மணல் தடமொன்றில், உடல் எடையால் வண்டியைச் சமநிலைப்படுத்தும் துணைவீரரின் இடத்தில் நின்று சில சுற்றுகள் செல்ல எனக்கு வாய்ப்புக் கிடைத்தது. ஓட்டுநருக்குப் பக்கத்திலுள்ள அந்தத் தட்டில் நின்று பார்த்தால்தான் இந்த வண்டியின் உண்மையான தரம் புரியும் என்பதே என் உறுதியான கருத்து.

இதற்கு நெதர்லாந்தின் சைடுகார் ஓட்டுநர் டேனியல் வில்லெம்சனின் பந்தய வாழ்க்கையே நல்ல சான்று. 1975இல் லோகெமில் பிறந்த அவர், 1999இல் தம் சகோதரர் மார்செலைத் துணைவீரராகக் கொண்டு மோட்டோகிராஸ் சைடுகாரில் முதல் உலகப் பட்டத்தை வென்றார். அடுத்த மூன்று ஆண்டுகள் லாட்வியாவின் கிறிஸ்டர்ஸ் செர்கிஸ் பட்டத்தைத் தம் வசம் வைத்திருந்தார். பிறகு 2003 முதல் 2008 வரை இடைவிடாமலும், 2010 முதல் 2012 வரை மீண்டும் மூன்று முறையும் வென்ற வில்லெம்சன், மொத்தம் 10 பட்டங்களைச் சேர்த்தார். ஜாபெல் என்ஜினோடு வி.எம்.சி., டபிள்யூ.எஸ்.பி. சட்டங்களில் அவர் ஓட்டிய அந்த ஆண்டுகளில், காஸ்பர்ஸ் ஸ்டுபெலிஸ், ஸ்வென் வெர்ப்ருக்கே, ரெட்டோ க்ரூட்டர் எனத் துணைவீரர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஓட்டுநரின் திறமைதான் முதற்காரணம்; ஆனால் புதிதாக ஏறுபவரின் கைக்கும் காலுக்கும் இணங்காத வண்டியில் இப்படித் தொடர்ந்து வென்றிருக்க முடியாது.

தட்டில் ஏறியவுடன் முதலில் கவனத்துக்கு வருவது கைப்பிடிகளின் அமைப்பு. சைடுகார் வலப்புறம் இருப்பதால், வலது திருப்பத்தில் துணைவீரர் பக்கச் சக்கரத்துக்கு வெளியே, தரையை உரசும் அளவுக்குத் தொங்க வேண்டும். இடது திருப்பத்திலோ ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் பாய்ந்து, பின்சக்கரத்தின் மேல் உடலைச் சாய்க்க வேண்டும். இந்த இரண்டு நிலைகளுக்கும் நடுவே ஒரு கையை விட்டு மறு கையால் அடுத்த பிடியைத் தேடும் நொடிதான் ஆபத்தானது. நான் ஏறிய வண்டியில், வெளிப்பிடியை விட்ட கை தேடாமலே பின்பிடியில் போய் விழுந்தது. பிடியில் சுற்றியிருந்த பட்டை ஈரமணல் ஒட்டியபோதும் வழுக்கவில்லை. காலடியில் துளையிட்ட தகடு இருந்ததால் மணலும் அங்கே தங்கவில்லை.

ஒற்றை சிலிண்டர் கொண்ட, நீரால் குளிரூட்டப்படும், 700 சிசியை ஒட்டிய டூ-ஸ்ட்ரோக் என்ஜின் இது. ஆழமான மணலில் வேகம் குறைந்த பிறகும், கியரை மாற்றாமலே வண்டியை இழுத்துக்கொண்டு வெளியேறுகிறது. அந்த வேளையில் துணைவீரர் பின்னுக்குச் சாய்ந்து பின்சக்கரத்துக்கு எடை கொடுத்தால், பிடிப்பு கூடுவதை உடலாலேயே உணரலாம்.

குறைகளும் உண்டு. ஒற்றை சிலிண்டரின் அதிர்வு நேராகக் கைப்பிடிக்கு வருவதால், சில சுற்றுகளிலேயே என் விரல்கள் மரத்துப்போயின. அரைமணி நேரமும் அதற்கு மேல் இரண்டு சுற்றுகளும் நீளும் உலகப் போட்டிப் பந்தயத்தில், அதுவும் ஒரே நாளில் இருமுறை, இதைத் தாங்குபவர்களின் மீது எனக்குப் பெரும் மரியாதை ஏற்பட்டது. தொடக்க நிலையில் உள்ளவர்களுக்கு இந்த வண்டியை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவர்கள் பழைய சட்டமொன்றை வாங்கிப் பயில்வதே நல்லது.

போட்டியில் இறங்கத் தீர்மானித்தவர்கள் வண்டிக்குச் சொல்லிவைக்கும்போது துணைவீரரையும் பட்டறைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். பிடிகளின் உயரத்தையும் தூரத்தையும் அவருடைய கைநீளத்துக்கு ஏற்ப முன்கூட்டியே பற்றவைத்து வாங்கிவிட்டால், வண்டி வந்த பிறகு குழாய்களை அறுத்து மாற்றும் வேலை இருக்காது.