நாகர்கோவில் இன்ஜினியரிங் கவுன்சலிங் வழிகாட்டி: 2,500 ரூபாய்க்கு 15 கல்லூரி எழுதிய ஒரு தாள்

போன ஜூனில் மகளின் பிளஸ் டூ மார்க் லிஸ்டை எடுத்துக்கொண்டு நாகர்கோவிலில் ஒரு மாடி ஆபீஸுக்குப் போனோம். பெயர் வேண்டாம், நடத்துகிறவரும் பிள்ளைகுட்டிக்காரர்தான். கவுன்சலிங்கில் எங்கே சீட் கிடைக்கும் என்று கணித்துச் சொல்லி விருப்பப் பட்டியலும் போட்டுக் கொடுப்பார்கள். ஐந்துக்கு இரண்டு ஸ்டார் கொடுக்கிறேன், அந்த இரண்டு எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

கணக்கு 91, இயற்பியல் 88, வேதியியல் 93. கணக்கு முழுசாக, மற்ற இரண்டும் பாதிப் பாதி, ஆக 200-க்கு 181.5. இது எங்கள் தெருவில் டியூஷன் போகிற பிள்ளைக்கே தெரியும், அவர் கால்குலேட்டரில் மூன்று தடவை போட்டுக் காட்டினார். அப்புறம் கம்ப்யூட்டரைத் தட்டிவிட்டு, "மக்ளே, ஒண்ணும் பயப்படாண்டாம், குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில எழுபது சதவீதம் சான்ஸ் உண்டு" என்றார். அந்த எழுபது எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். சாஃப்ட்வேர் சொல்கிறதாம்.

சாஃப்ட்வேர் பார்த்தது முந்தின வருடத்துக் கட்ஆஃப் மார்க்கை மட்டும். இந்த வருடம் கணக்கில் சென்டம் கூடிப்போனால் அதே 181.5 ஆயிரக்கணக்கான இடம் கீழே போய்விடும், ரேங்க் லிஸ்ட் அப்போது வெளிவரவே இல்லை. விண்ணப்பித்த ஒவ்வொருவருக்கும் கம்ப்யூட்டர் போடுகிற ரேண்டம் நம்பர் மகளுக்குப் பெரிசாக இருக்கிறது, அதிர்ஷ்டம் என்று வேறு சொன்னார். இரண்டு பேருக்கு மார்க்கிலிருந்து பிறந்த தேதி வரைக்கும் எல்லாம் சமமாக இருந்தால்தான் அந்த நம்பரையே பார்ப்பார்கள்.

ஆனால் எனக்குக் கோபம் வந்தது பட்டியலைப் பார்த்துத்தான். எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்கிற இடத்தில் பதினைந்தே எழுதியிருந்தார். நான்காவதாக ஒரு தனியார் கல்லூரி, பஸ் வீட்டு வாசலுக்கே வருமாம். திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரி பதினொன்றாவது. நமது முறை வரும்போது பட்டியலில் மேலிருந்து கீழே பார்த்து, காலியாக இருக்கும் முதல் இடத்தைக் கொடுத்துவிடுவார்கள். நான்காவது கிடைத்தால் பதினொன்றாவது காலியாகக் கிடந்தாலும் நமக்கில்லை, பட்டியலில் அதற்கு மேலே உள்ளது கிடைக்குமா என்று காத்திருக்கிற 'அப்வேர்டு' கொடுத்தாலும் மேலே உள்ள மூன்றுக்குத்தான் போக முடியும், கீழே இறங்க முடியாது. எட்டாத கல்லூரியை உச்சியில் வைத்தால் ஒரு நஷ்டமும் இல்லை, நிச்சயம் கிடைக்கிறதை மேலே வைத்தால்தான் கதை கந்தல். கமிஷன் வாங்கினாரா என்று சத்தியம் பண்ண மாட்டேன், சந்தேகம் இருக்கிறது.

ரேங்க் வந்ததும் தக்கலையில் எங்கள் வீட்டு மேசையிலேயே உட்கார்ந்துவிட்டோம். கவுன்சலிங் இணையதளத்திலேயே பழைய வருடங்களின் கடைசி மார்க்கும் ரேங்கும் கல்லூரிவாரியாக, பாடப்பிரிவுவாரியாக, சாதிப் பிரிவுவாரியாக இலவசமாகக் கிடக்கிறது. நாங்கள் பி.சி., அதனால் பொது ரேங்கை விட்டுவிட்டு பி.சி. ரேங்கை மூன்று வருடத்தோடு ஒத்துப் பார்த்தோம். மனைவி நோட்டில் கோடு போட்டு எழுதினாள், நான் கல்லூரிக் கோட் நம்பரைச் சரிபார்த்தேன், ஒரே மாதிரிப் பெயரில் இரண்டு மூன்று கல்லூரி இருப்பதால் இதில் கண் தப்பினால் போச்சு. இரண்டு சாயங்காலம், ஒரு சீப்பு மட்டிப்பழம், 62 விருப்பங்கள். எம்.ஐ.டி. கிடைக்கவில்லை. திருநெல்வேலி அரசுக் கல்லூரியில் டிரிபிள் ஈ (மின், மின்னணுப் பொறியியல்) கிடைத்தது, பிள்ளைக்குச் சந்தோஷம்.

அந்த இரண்டு ஸ்டார்: சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் எல்லாம் முன்கூட்டியே வாங்க வைத்தார், கடைசி நேர ஓட்டம் மிச்சம். சீட் ஒதுக்கியதும் சேர்கிறோமா, அப்வேர்டுக்குக் காத்திருக்கிறோமா, வேண்டாமா என்று சொல்ல வேண்டியதைப் பொறுமையாக விளக்கினார். அதை மட்டும் சொல்லி 500 ரூபாய் வாங்கினால் நானே நாலு பேரை அனுப்புவேன்.

சீட் கிடைத்த மறுவாரம் அங்கிருந்து போன். ஃபிளெக்ஸ் போர்டில் போடுவதற்குப் பிள்ளையின் போட்டோ வேண்டுமாம். கொடுக்கவில்லை.