வெங்காயப் பாத்திக்குச் சொட்டுக் குழாயா, வாய்க்காலா?

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் மூன்று மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலத்தில் ஒரு பாத்தி இருக்கிறது. அதில் இதுவரை மூன்று முறை சின்ன வெங்காயம் போட்டுவிட்டேன். முதல் முறை சொட்டுக் குழாய் வைத்தேன். அடுத்த இரண்டு முறையும் வாய்க்கால் வெட்டினேன். இனி எப்போது போட்டாலும் வாய்க்கால்தான்.

இந்த வேலையில் இறங்கியதற்குக் காரணம் விலை. 2023 டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதிக்குத் தடை போட்டது. 2024 மே மாதம்தான் விலக்கியது. இடைப்பட்ட மாதங்களில் சாம்பாருக்குப் போடும் வெங்காயத்தை எண்ணிப் போட்டோம். பொங்கலுக்கு முன்பே அரைக் கிலோ விதை வெங்காயத்தை ஊன்றிவிட்டேன். பெரிய வெங்காயத்தை முயலவில்லை. குளிர்நாட்டு வகைகள் பலவும் 14 மணி நேரப் பகல் இருந்தால்தான் காய் திரளும். நமக்கு ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 12 மணி நேரம்தான். சின்ன வெங்காயத்துக்கு அந்தத் தொல்லை இல்லை, 65 முதல் 70 நாளில் கைக்கு வந்துவிடும்.

ரப்பர் குழாயில் தெளிப்பு முனை மாட்டி மேலிருந்து பீய்ச்சுவதை முதலிலேயே தள்ளிவிடலாம். மாலையில் நனைத்த வெங்காயத் தாள் இரவெல்லாம் ஈரமாகவே நிற்கும். பூஞ்சைக்கு அது போதும். வெளிறிய புள்ளியாகத் தொடங்கி நடுவில் ஊதா நிறம் ஏறும், பிறகு தாள் அந்த இடத்திலேயே ஒடிந்து தொங்கும். இலைப்பேன் அதிகமாகிவிட்ட நாளில் மட்டும், காலை வெயிலுக்கு முன் ஒருமுறை மேலிருந்து அடித்துக் கழுவுகிறேன். பூவாளிக்கும் இதே குறைதான். ஆனால் அதன் பூ முனையைக் கழற்றிவிட்டால் நல்ல கருவியாகிவிடுகிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

சொட்டுக் குழாய்க்கு நன்றி சொல்ல வேண்டிய நாள்கள் உண்டு. 45 ரிங்கிட்டுக்கு வாங்கிய தொகுப்பை மழைநீர்த் தொட்டியோடு இணைத்தேன். தாள் நனையவில்லை, களை குறைவாக முளைத்தது. அந்த ஆண்டு ஜனவரி 25 தைப்பூசம். மூன்று நாள் வீட்டில் இல்லை, திரும்பி வந்தபோது பயிர் வாடாமல் நின்றது. தொட்டியில் படிந்த பாசி துளைகளை அடைத்துக்கொண்டது ஒரு குறை. அடைத்த துளைக்கு அருகில் உள்ள செடி நுனி மஞ்சளாகும் வரை நமக்குத் தெரியாது. ஆனாலும் ஊசியால் குத்தி, முனையைத் திறந்து கழுவிவிட்டால் சரியாகிவிடுகிறது. அதற்காக மட்டும் அதைக் கைவிட்டிருக்க மாட்டேன்.

கைவிட வைத்தது மழை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வெங்காயத்தின் வேர் மேலோட்டமானது. வாரத்துக்கு 25 மில்லிமீட்டர் தண்ணீர் இருந்தால் ஓடிவிடும். என் பாத்திக்கு அது 75 லிட்டர். நம் ஊரில் மதியம் மூன்று, நான்கு மணிக்கு இடியோடு இறங்கும் மழை ஒரே மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் கொட்டிவிடக்கூடியது. அப்படிக் கொட்டினால் பாத்திமேல் விழுவது 150 லிட்டர், அதாவது இரண்டு வாரத் தண்ணீர் ஒரே மாலையில். ஆகவே இங்கே தண்ணீர் பாய்ச்சுவது பாதி வேலைதான். மீதிப் பாதி, வந்த தண்ணீரை வெளியே அனுப்புவது. அந்த இரண்டாம் பாதிக்குச் சொட்டுக் குழாயிடம் வழியே இல்லை.

குழாய்கள் ஒழுங்காகப் படுக்க வேண்டும் என்று முதல் முறை பாத்தியைச் சமதளமாக நிரவியிருந்தேன். எங்கள் மண் களி கலந்த செம்மண். மார்ச் தொடக்கத்தில் பெய்த மழை மறுநாள் காலையிலும் பளபளவென்று தேங்கி நின்றது. நான்காம் நாள் ஒரு செடியின் தாளைப் பிடித்து மெல்ல இழுத்தேன். தாள் மட்டும் கையோடு வந்தது. காயின் அடித்தட்டு கூழாகி மண்ணுக்குள்ளேயே தங்கிவிட்டது. விரலை மூக்கருகே கொண்டுபோக முடியவில்லை. கடைசியில் ஒரு கிலோகூடத் தேறவில்லை.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா செம்பனை நாற்றங்காலில் பல ஆண்டு வேலை பார்த்தவர். வேலியோரம் நின்று பார்த்துவிட்டு, "காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட வேண்டும், தம்பி. நீ எப்போதும் ஈரத்திலேயே வைத்திருக்கிறாய்" என்றார். ஜூனில் அவர் சொன்னபடியே சாங்கோல், அதாவது மண்வெட்டி பிடித்தேன். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குப் பாத்தியைத் தூக்கி, நீளவாக்கில் மூன்று பார் (மண் மேடு), நடுவே இரண்டு வாய்க்கால். வாய்க்காலின் இரு பக்கச் சரிவிலும் பத்து சென்டிமீட்டருக்கு ஒன்றாக 120 காய்கள். கீழ்க்கோடியில் மடை. மடை என்றால் ஒரு கைப்பிடிக் களிமண் கட்டி, அவ்வளவுதான்.

நட்டவுடன் ஒரு தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர். அதன் பிறகு மழை இல்லையென்றால் ஒன்றுவிட்டு ஒருநாள், பூ முனையைக் கழற்றிய எட்டு லிட்டர் பூவாளியால் மூன்று முறை வாய்க்காலில் ஊற்றுகிறேன். தண்ணீர் ஊர்ந்துபோய் மடையில் முட்டி, பாரின் பக்கவாட்டில் ஈரக்கோடு ஏறுவது கண்ணுக்குத் தெரிகிறது. எந்தச் செடிக்குப் போகவில்லை என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. மேல்மண்ணில் விரலை ஒரு கணு அளவு விட்டுப் பார்த்து, ஈரம் தட்டினால் அன்று ஊற்றுவதில்லை. வானம் கறுத்தால் ஓடிப்போய் அந்த மண்கட்டியைக் காலால் தள்ளிவிடுகிறேன். காலையில் தண்ணீர் கொண்டுவந்த அதே வாய்க்கால் மாலையில் அதை வெளியே கொண்டுபோகிறது. இரண்டாம் முறை மூன்று கிலோ கிடைத்தது, மூன்றாம் முறை அதைவிடச் சற்றுக் கூடுதல்.

பாரின் மேல் சொட்டுக் குழாயைப் படுக்க வைத்தால் இரண்டு நன்மையும் சேருமே என்று கேட்கலாம். சேரும். ஆனால் வடிகாலுக்காக எப்படியும் வாய்க்கால் வெட்டத்தான் வேண்டும். வெட்டிய பிறகு அதிலேயே ஊற்றிவிடலாம் என்பது என் எண்ணம். அரை ஏக்கரில் போடுகிறவருக்கோ வாரம் முழுவதும் வெளியூரில் வேலை பார்க்கிறவருக்கோ இது பொருந்தாது. மணற்பாங்கான மண்ணில் நான் போட்டுப் பார்த்ததில்லை. வாய்க்காலில் ஊற்றும் தண்ணீர் அங்கே கோடி வரை போகுமா என்பது எனக்குச் சந்தேகம்தான். மழைபடாத தாழ்வாரத்தில் தொட்டியில் வளர்ப்பவர்கள் சொட்டுக் குழாயையே வைத்துக்கொள்ளலாம்.

தாள்கள் பாதிக்கு மேல் தானாகச் சாய்ந்ததும் பூவாளியைக் கவிழ்த்து வைத்துவிடுகிறேன். அறுவடைக்கு முந்தைய பத்து நாள் பாத்தி காய வேண்டும், இல்லையென்றால் காய் நெடுநாள் தங்காது. அன்றே மடையிலிருந்து மண்கட்டியை எடுத்து வேலியோரம் போட்டுவிடுவேன். அடுத்த நடவு வரைக்கும் மடை திறந்தே கிடக்கும்.