பி1 நடுநிலையாக்கும் கரைசல்: இரத்த வங்கி மேசையிலிருந்து ஒரு மதிப்பீடு

பொருந்தும் இரத்தம் தேடும்போது குறுக்கே வந்து நிற்கும் ஆன்டி-பி1 என்னும் ஆன்டிபாடியை (நோயாளியின் இரத்தத்தில் இருக்கும், பி1 என்ற பொருளைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்புப் புரதத்தை) அடக்குவதற்காக விற்கப்படும் பி1 கரைசலை, எங்கள் இரத்த வங்கியில் சில மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறோம். 1927இல் லான்ட்ஸ்டைனரும் லெவினும் கண்டறிந்த பி ஆன்டிஜென் (ஆன்டிபாடி பற்றிக்கொள்ளும் அடையாளப் பொருள்), இன்று பி1 எனப்படுவது, மனிதச் சிவப்பணுக்களில் மட்டுமன்றி, ஆட்டின் ஈரலிலும் மனித ஈரலிலும் நீர்க்கட்டியாக வளரும் எக்கினோகாக்கஸ் நாடாப்புழுவின் கட்டிநீரிலும் இருக்கிறது. ஆகவேதான் பி1 இல்லாத ஒருவருக்கு அந்தக் கட்டி வந்தால், அவர் உடல் வீரியமான ஆன்டி-பி1ஐ உண்டாக்கக்கூடும். கட்டிநீரிலுள்ள பி1 அந்த ஆன்டிபாடியைப் பற்றிச் செயலிழக்கச் செய்வதால், ஆய்வகங்கள் அக்கட்டிநீரையே ஆன்டி-பி1ஐ அடக்கப் பயன்படுத்தியதும் உண்டு. புழு தந்த சரக்கா என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஓர் ஆறுதல்: புறா முட்டையின் வெண்கருவிலும் பி1 பண்பு உண்டு, நாங்கள் வாங்கியது அந்த வகை.

வேலையில் குறையில்லை. நோயாளியின் சீரத்துடன் (உறைந்த இரத்தத்திலிருந்து பிரியும் தெளிநீருடன்) கலந்து, சிறிது நேரம் வைத்து மீண்டும் சோதித்தபோது, ஆன்டி-பி1ஆல் சிவப்பணுக்கள் ஒட்டித் திரள்வது மறைந்து, அதன் அடியில் ஒளிந்திருந்த ஆன்டி-கெல் (கெல் என்னும் வேறொரு ஆன்டிஜெனுக்கு எதிரான ஆன்டிபாடி) தெளிவாகத் தெரிந்தது. ஆனால் பி1 கரைசலுக்குப் பதிலாக அதே அளவு உப்புக்கரைசல் சேர்த்த இணைச் சோதனை கட்டாயம் என்பதை உடன்வந்த தாள் கடைசி வரியில் பொடியெழுத்தில் சொல்கிறது. அது இல்லாவிட்டால், ஆன்டிபாடி நடுநிலையானதா, வெறுமனே நீர்த்துப்போனதா என்று அறிய வழியே இல்லை. புட்டி சிறியது, விலையோ பெரியது. பெரும்பாலான ஆன்டி-பி1 குளிரில் மட்டுமே வினைபுரிவதால், 37 பாகை வெப்பத்தில் சோதித்தாலே பல நேரங்களில் சிக்கல் தீர்ந்துவிடும். சிறிய இரத்த வங்கிகள் இதை வாங்கி அடுக்கத் தேவையில்லை.