பெட்ரோல் ஸ்னோ ப்ளோயரோடு ஆறு குளிர்காலம்

வீட்டு வாசலுக்கு எந்த ஸ்னோ ப்ளோயர், அதாவது பனியை வாரி வீசும் இயந்திரம், வாங்கலாம் என்று தெரிந்தவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள், அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன். இதுவரை இரண்டு வைத்திருந்தேன், இரண்டுமே பெட்ரோல். முதலாவது சிங்கிள் ஸ்டேஜ் (வாருவதும் வீசுவதும் ஒரே பாகம்), இரண்டு குளிர்காலத்தோடு விற்றுவிட்டேன். இப்போது இருப்பது 24 அங்குல அகலமுள்ள டூ ஸ்டேஜ் (வாருவது ஒரு பாகம், வீசுவது இன்னொன்று), 208 சிசி என்ஜின், இந்த வருடத்தோடு ஆறு குளிர்காலம் ஆகிறது.

கடையில் எல்லோரும் முதலில் கேட்பது எத்தனை சிசி, பனியை எவ்வளவு தூரம் வீசும் என்பதுதான். நானும் அதைத்தான் கேட்டேன். அதற்கு முன்னால் உங்கள் வாசலைப் பார்க்க வேண்டும். தரை தாரா, கான்கிரீட்டா, ஜல்லியா? தெருப் பனியை ஒதுக்கும் லாரி உங்கள் வாசலை அடைத்துவிட்டுப் போகிறதா? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் பாதி முடிவு எடுத்தாயிற்று.

சிங்கிள் ஸ்டேஜில் ரப்பர் துடுப்பு தரையைத் தொட்டுச் சுழன்று பனியை வாரும், அதுவே வீசவும் செய்யும். தார், கான்கிரீட் தரையில் நாலைந்து அங்குலம் பொடிப்பனி என்றால் தரை தெரியும்படி துடைத்துவிடும், அந்தச் சுத்தம் டூ ஸ்டேஜில் வராது. எடையும் குறைவு, ஒரு மூலையில் தூக்கி வைக்கலாம். ஆனால் ஜல்லித் தரையில் இதை ஓட்டவே கூடாது, கல்லையும் சேர்த்து வாரி அடிக்கும். என் வாசல் தார்தான், வானத்திலிருந்து விழுந்த பனியை அது நன்றாகவே சமாளித்தது. லாரி தள்ளிவிட்டுப் போன பனியிடம்தான் தோற்றது. உப்பும் சேறும் கலந்து, சில மணி நேரம் விட்டாலே பாறை மாதிரி இறுகிவிடும், துடுப்பு அதன் மேல் ஏறிக் குதிக்கும். கடைசியில் அந்த நாலடி அகலத்தை மட்டும் மண்வெட்டியால் வெட்டி எறிவேன், ஒருமுறை இடுப்பு பிடித்துக்கொண்டு மூன்று நாள் படுக்கை. அப்போதுதான் டூ ஸ்டேஜ் என்று முடிவு செய்தேன்.

இதில் முன்னால் இரும்பு ஆகர், அதாவது திருகு மாதிரி சுழலும் தகடு, பனியை உடைத்து நடுவே தள்ளும், பின்னால் இருக்கும் விசிறி அதை வாங்கிக் குழாய் வழியாக வீசும். சக்கரத்துக்கும் என்ஜின் இழுவை உண்டு. லாரி விட்டுப்போன குவியலை முதல் கியரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்துக் கரைத்துவிடும். இரண்டு பக்கமும் உள்ள சறுக்குக் கட்டைகளை ஏற்றி இறக்கி, வாய்ப்பகுதி தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம், ஜல்லி வாசல்காரர்களுக்கு இது இல்லாமல் முடியாது. என் வண்டியில் அந்தக் கட்டைகள் நாலாவது வருடம் தேய்ந்தன, திருப்பிப் போட்டேன், இன்னும் ஓடுகின்றன.

ஷியர் பின் பற்றி வாங்கும்போது யாரும் சொல்லித்தரவில்லை. ஆகரைத் தண்டோடு பிணைக்கும் சின்ன ஆணி அது, ஏதாவது சிக்கினால் தான் உடைந்து கியர்பாக்ஸைக் காப்பாற்றுவதற்காகவே மென்மையாகச் செய்திருக்கிறார்கள். ஒரு காலை பனிக்குள் மறந்துபோன கால்மிதி சிக்கியது. டக் என்று ஒரு சத்தம், இடது பக்க ஆகர் நின்றுவிட்டது, வலது பக்கம் மட்டும் சுற்றியது. என்ஜினை அணைத்து, சாவியை உருவி, உறைந்து விறைத்திருந்த மிதியை உருவி எடுத்து, புது ஆணி போட கால் மணி நேரம். கையில் ஆணி இல்லையே என்று சாதாரண போல்ட்டை முடுக்கிவிடாதீர்கள், அடுத்த தடவை உடைவது கியர்பாக்ஸாக இருக்கும். இன்னொன்று, வருடத்துக்கு ஒருமுறை ஆணியைக் கழற்றி ஆகர் தண்டுக்கு கிரீஸ் போட வேண்டும். துருப்பிடித்து ஆகர் தண்டோடு ஒட்டிக்கொண்டால் ஆணி இருந்தும் பயனில்லை.

இத்தனை வருடத்தில் என்னை அதிகம் படுத்தியது பெட்ரோல்தான். இரண்டாவது வருடம் கோடையில் டேங்கில் மிச்சப் பெட்ரோலை அப்படியே விட்டுவிட்டேன். முதல் பனி விழுந்த அன்று கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் கழன்றதே தவிர என்ஜின் பிடிக்கவில்லை. கார்பரேட்டரைக் கழற்றினால் பெட்ரோல் போகும் ஜெட்டின் ஊசித்துளையைப் பிசின் மாதிரி ஏதோ அடைத்திருந்தது. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், சில வாரங்களிலேயே தரம் குறையத் தொடங்கும். இப்போது கேன் நிரப்பும் அன்றே பெட்ரோல் சீக்கிரம் கெடாமல் இருக்க ஸ்டெபிலைசர் ஊற்றிவிடுகிறேன், பருவம் முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, என்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிடுகிறேன். அப்புறம் ஒரு தொந்தரவும் இல்லை. ஆயில் வருடத்துக்கு ஒருமுறை, ஸ்பார்க் பிளக் இரண்டு முறை, ஆகர் பெல்ட் ஒருமுறை மாற்றினேன், அவ்வளவுதான் செலவு.

ஈரப்பனி குழாயை அடைக்கும், அதற்கு எந்த மாடலும் விதிவிலக்கில்லை. என்ஜினை முழு வேகத்தில் வைத்து வண்டியை மெதுவாக நகர்த்தினால் அடைப்பு குறையும், குழாய்க்குள் சிலிகான் ஸ்ப்ரே அடித்தால் இன்னும் நல்லது. அடைத்துவிட்டால் என்ஜினை அணைத்துவிட்டு, கூடவே தரும் குச்சியால் மட்டும் குத்துங்கள். கையை விடவே விடாதீர்கள். அணைத்த பிறகும் பெல்ட்டில் முறுக்கம் தங்கியிருக்கும், அடைப்பு விலகும் நொடியில் விசிறி சட்டென்று சுற்றலாம், அந்த ஒரு சுற்று விரல்களுக்குப் போதும். கராஜுக்குள் வைத்து ஸ்டார்ட் செய்து சூடேற்றுவதும் வேண்டாம், கதவு திறந்திருந்தாலும் கார்பன் மோனாக்சைடு உள்ளே தங்கிவிடும்.

எலக்ட்ரிக் ஸ்டார்ட் இருந்தால் வாங்குங்கள். கைப்பிடிச் சூடும் முன்விளக்கும் எனக்கு அவ்வளவு முக்கியமாகப் படவில்லை. வண்டியைச் சுலபமாகத் திருப்பும் லிவர் இல்லாத மாடலை எடுத்ததுதான் என் ஒரே குறை. ஏறக்குறைய 90 கிலோ, வாசல் முனையில் ஒவ்வொரு முறையும் தோளால் தள்ளித்தான் திருப்புகிறேன். அடுத்தது வாங்கினால் அந்த லிவரோடுதான், அகலம் இதே 24 அங்குலம். 28 அங்குலம் என் ஷெட் கதவுக்குள் நுழையாது, அளந்து பார்த்துவிட்டேன்.